கேட்க வேண்டியதைக் கேளுங்கள், டாக்டர்: ஆன்லைனில் கருத்தடை மாத்திரை எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

வீடியோ காலிலும் சாட்டிலும் பெண்களைப் பார்த்து மருந்துச்சீட்டு அனுப்பும் மகப்பேறு மருத்துவர்களுக்கும், அந்த ஆப்களை நடத்துகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். கருத்தடை மாத்திரை வேண்டும் என்று ஒருத்தி வந்தால், பி.பி. எவ்வளவு, தலைவலி வருமா, வந்தால் எப்படி வரும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டுக்குத் தெரியுமா என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். எனக்கு நடந்ததும், கூட வேலை பார்க்கிறவர்களும் தோழிகளும் சொல்லிக் கேட்டதும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

என் விஷயத்தையே சொல்கிறேன். பணம் கட்டி, பெயர், வயது, எடை எல்லாம் நிரப்பிக் காத்திருந்து வீடியோவில் டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி "மேரீடா?" என்பதுதான். நான் சொன்ன பதிலை ஒட்டியே இன்னும் இரண்டு மூன்று கேள்விகள், கொஞ்சம் அறிவுரை, பின்னால் குழந்தை தங்குவது கஷ்டமாகிவிடும் என்று ஒரு பயமுறுத்தல், அப்புறம் "சரிம்மா, எழுதி அனுப்புறேன்". அவ்வளவுதான், கால் முடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும் என்பது நீங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது, அப்படியிருந்தும் இந்தப் பயமுறுத்தலை இத்தனை பேர் ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிய சீட்டு போனுக்கு வந்தது. பி.பி. பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைவலி பற்றியும் இல்லை.

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத்தலைவலி உண்டு. வலி தொடங்குவதற்கு முன்னால் பார்வையின் ஓரத்தில் வளைந்து வளைந்து மின்னுகிற கோடு ஒன்று வரும், படித்துக்கொண்டிருக்கும் எழுத்தில் பாதி மறையும், கொஞ்ச நேரம் கழித்து அது விலகும்போதுதான் மண்டையைப் பிளக்கிற வலி ஆரம்பிக்கும். இந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையை (எனக்கு எழுதியதும் அதுதான்) கொடுக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 4ஆம் வகையில் வைத்திருக்கிறது, அதாவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம் என்கிற வகை. பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது என்பதால். இதை எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை. மாத்திரை டப்பாவுக்குள் பலமுறை மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதம்தான் சொன்னது. அந்தக் காகிதத்தைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? அதுவும் ஆங்கிலத்தில்.

பிறகு ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் பி.பி. பார்த்தார், தலைவலி பற்றி நான் சொல்லும் முன்பே அவரே கேட்டார், கண்ணில் மின்னல் மாதிரி வருமா என்பதையும் சேர்த்து. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையைக் கொடுத்து, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அதன் பிறகு வாரம் ஒன்று என்று அட்டையில் குறித்தும் கொடுத்தார். லக்னோவில் இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது, கடைகளில் சகேலி என்ற பெயரில் 90களிலிருந்தே இருக்கிறது, அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். அவர் கேட்டவற்றில் வீடியோ காலில் கேட்க முடியாத கேள்வி ஒன்றுகூட இல்லை. பி.பி.யை மட்டும்தான் வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று உங்களில் சிலருக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். அதை இந்த மடலில் எங்கேயும் எழுதப் போவதில்லை. எனக்குப் பக்கவாதம் வருமா வராதா என்று பார்க்க அது உதவாது.

ஏன் ஆன்லைனுக்கு வருகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சின்ன ஊர்களில் மகப்பேறு டாக்டர் என்றால் ஒருவரோ இருவரோ, அவரே அம்மாவுக்கும் அத்தைக்கும் பிரசவம் பார்த்தவராக இருப்பார். வெளியே டோக்கன் கொடுக்கும் பெண் "எதுக்கும்மா வந்திருக்கீங்க" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்கலாமே என்றால், தமிழ்நாட்டின் நிலைமை உங்களுக்கே தெரியும். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர கருத்தடை மாத்திரையை, 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை, மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே சொல்லிவிட்டது. தடை எதுவும் இல்லை என்று மாநில அதிகாரிகளும் சொல்கிறார்கள். ஆனாலும் சென்னையிலேயே கடை கடையாக ஏறி இறங்கினாலும் பல இடங்களில் "அது வர்றதில்லைங்க" என்ற பதில்தான். பெங்களூருவில் இருந்து வருகிற தோழியிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தி எல்லாத் தயக்கத்தையும் தாண்டி, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் உங்கள் முன்னால் உட்காரும்போது, நீங்களும் அதே கடைக்காரர் பார்வையைப் பார்த்தால் அவள் வேறு எங்கே போவாள்?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்விக்காகவே பெண்கள் பொய் சொல்கிறார்கள். கருத்தடைக்கு என்று சொல்லாமல், பிசிஓடி இருக்கிறது, பீரியட்ஸ் சரியாக வரவில்லை என்று சொன்னால் கேள்வி குறையும் என்பது எங்கள் ஹாஸ்டல்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படி வாங்கிவிடலாம். ஆனால் கருத்தடைக்குத்தான் சாப்பிடுகிறாள் என்று டாக்டருக்கே தெரியாதபோது, ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது, எந்த நாளில் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு என்பதை யார் அவளுக்குச் சொல்வது? இதைவிட மோசமாக, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பீரியட்ஸைத் தள்ளிப்போட எழுதித் தருகிற நார்எத்திஸ்டிரோனைக் கருத்தடை மாத்திரை என்றே நினைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அந்த மாத்திரையைக் கருத்தடைக்கு நம்பக் கூடாது. உண்மையைச் சொன்னால் அவமானம் வரும் என்று பயந்து வருகிறவள் இதைத் திருத்திக்கொள்ள உங்களிடம் வாய்ப்பே கிடைக்காமல் போய்விடுகிறாள்.

சரி, என்னதான் கேட்க வேண்டும்? உங்களுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனால் நோயாளியாக இதையெல்லாம் நான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. பி.பி. 160க்கு 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது, அதற்குக் கீழே 140க்கு 90ஐத் தாண்டினாலும் பொதுவாக வேண்டாம் என்கிறார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து அதிகம், அதைப் பெண் என்பதால் கேட்காமல் விடுவதும் தப்பு, முகம் சுளித்துக் கேட்பதும் தப்பு. பிரசவமாகி ஆறு வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுக்கிறவளுக்குக் கூடாது, ஆறு மாதம் வரை வேறு வழி பார்ப்பதே நல்லது. தாய்வீட்டில் கைக்குழந்தையோடு இருந்துகொண்டு ஆன்லைனில் கேட்கிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அப்புறம் டிபி. நம் நாட்டில் இதைக் கேட்காமல் எப்படி விடுகிறீர்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும், வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபினும் ஃபெனிடாயினும் அப்படித்தான். ஒருத்தி ஆறு மாதம் டிபி மருந்து சாப்பிடுகிறாள், கூடவே நீங்கள் எழுதிய மாத்திரையையும் நாள் தவறாமல் போடுகிறாள், அப்படியும் கர்ப்பமாகிறாள் என்றால் அவள்மேல் என்ன குறை இருக்கிறது? மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், முன்பு ரத்தம் உறைந்தது, கண்ணில் மின்னலோடு வரும் தலைவலி. இத்தனையும் கேட்க ஐந்து நிமிடம் ஆகாது.

பி.பி.யை எப்படி ஆன்லைனில் பார்ப்பது என்று கேட்பீர்கள். நீங்கள் பார்க்க வேண்டாம், பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பல மெடிக்கல் ஷாப்களில் பார்க்கிறார்கள், சர்க்கரை பி.பி. உள்ள பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் மெஷினே இருக்கிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு கேட்காமல் பார்ப்பார்கள். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே வந்து பி.பி. பார்க்கிற திட்டம் நடக்கிற மாநிலம் இது. அப்பாயின்ட்மென்ட் உறுதியானதும் வருகிற மெசேஜில் "பேசுவதற்கு முன்னால் பி.பி. பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உள்பரிசோதனையெல்லாம் மாத்திரை ஆரம்பிப்பதற்குத் தேவையே இல்லை என்பதும் உலக சுகாதார நிறுவனம் சொன்னதுதான். அதனால் நேரில் வந்தால்தான் தருவேன் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பவும் காரணம் இல்லை.

எந்த மாத்திரையை எழுதுகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு எழுதியது ட்ராஸ்பைரினோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்த, விலை கூடிய பிராண்ட். ஏன் அது என்று சொல்லவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் பரிசீலித்துச் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிறது, லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 7, ட்ராஸ்பைரினோன் கலந்ததில் 9 முதல் 12. எதுவுமே பெரிய எண் இல்லை, கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வருகிற ஆபத்து இதைவிட அதிகம். மாத்திரை என்றாலே பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முகப்பரு இருக்கிறது, அதற்கும் சேர்த்து உதவும் என்று நீங்கள் யோசித்து எழுதினால் அதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை என்னிடம் சொல்லுங்கள், நான் முடிவெடுக்கிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரலும் எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனும் கலந்த மாலா-என் அரசு மருத்துவமனையில் சும்மா கிடைக்கிறது, அதே கலவையில் மாலா-டி குறைந்த விலையில் விற்கிறது, 21 மாத்திரை ஹார்மோன், 7 மாத்திரை இரும்புச்சத்து. இதன் பெயரை ஒரு ஆப்பிலும் ஒரு டாக்டரும் என்னிடமோ என் தோழிகளிடமோ சொன்னதில்லை. மருந்தையும் அந்த ஆப்பே விற்கிறது என்பது இதற்குக் காரணமாக இருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. இல்லை என்றால், ஆப் நடத்துகிறவர்கள் அதைச் சீட்டிலேயே காட்டலாம்: பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் மூலக்கூறு பெயர், இதே கலவை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வரி.

சீட்டு அனுப்பிய பிறகு சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. பீரியட்ஸ் தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு, வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் ஏழு நாள் காண்டமும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஒரு மாத்திரை மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட வேண்டும், அன்றைக்கு இரண்டு போட வேண்டி வந்தாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஏழு நாள் காண்டம். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதுவரை இல்லாத தலைவலி, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பிட்டால் வருடத்துக்கு 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பம் ஆகிறது, நடைமுறையில் எல்லோரும் சாப்பிடுகிற விதத்தில் பார்த்தால் சுமார் 7 பேருக்கு ஆகிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயங்களும்தான். வாயால் சொல்ல நேரமில்லையா, தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சீட்டோடு அனுப்புங்கள்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரைத் தட்டினால் குருகிராமிலிருந்து ஒருவர் வருகிறார், இந்தி தெரியுமா என்கிறார், தெரியாது என்றால் ஆங்கிலம். தனக்கு வெள்ளைப்படுதல் இருக்கிறது, உறவின்போது வலிக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் "நத்திங் டாக்டர்" என்று முடித்துக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். தமிழ் தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கிற வசதியாவது இருக்கட்டும்.

கால் தொடங்கியதும் "நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்களா, பேசலாமா?" என்று ஒரு தடவை கேளுங்கள், தயவுசெய்து. ஹாஸ்டல் அறையில் நான்கு பேர், வீட்டில் ஒரே ஹால். அவள் பேச முடியாத இடத்தில் இருந்தால், ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேள்வியை மாற்றிக் கேளுங்கள், அல்லது எழுதிக் கேளுங்கள். போன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கு மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டுதல் எழுத்து வழியாகப் பேசுவதையும் அனுமதிக்கிறது, எந்த வழி போதும் என்று முடிவெடுக்கிற பொறுப்பை டாக்டரிடமே விட்டிருக்கிறது. ஆப் நடத்துகிறவர்களுக்கு: "உங்கள் கருத்தடை மாத்திரை தீரப்போகிறது" என்று போன் திரையில் பளிச்சென்று வருகிற மெசேஜை நிறுத்துங்கள். பார்சலின் மேல் பொருளின் பெயரை ஒட்டாதீர்கள். பல வீடுகளில் மகள் பெயருக்கு வந்த பார்சலைப் பிரிப்பது அப்பாவோ அண்ணனோதான்.

2020 மார்ச் 25இல் வந்த அந்த வழிகாட்டுதலை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆன்லைனில் எழுதவே கூடாத மருந்துகள் என்று அதில் தடை செய்திருப்பது கடும் கட்டுப்பாட்டில் உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதை, மனமயக்க மருந்துகளையும்தான், கருத்தடை மாத்திரை அதில் இல்லை. சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும் என்கிறது. நோயாளியைச் சரியாக மதிப்பிடாமல் மருந்து எழுதுவது தொழில்முறைத் தவறு என்கிறது. செயற்கை நுண்ணறிவு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்கிறது, ஆக பாரத்தை நிரப்பியதும் தானாகச் சீட்டு வருகிற மாதிரி நடத்துகிறவர்கள் இருந்தால் அவர்களும் யோசிக்க வேண்டும். 18 வயது நிரம்பிய பெண் கருத்தடை மாத்திரை கேட்டால் கணவனின் சம்மதம் வாங்கு, பெற்றோரைக் கேள் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் திருமணமானவள், ஆகாதவள் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்பே கொடுத்துவிட்டது. கருக்கலைப்புக்கே தேவைப்படாத கேள்வி, அந்த நிலைமை வராமல் தடுக்கிற மாத்திரைக்கு எதற்கு?

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பது குழந்தைத் திட்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நியாயம்தான், ஆனால் அதையே நேராகக் கேட்கலாமே: "அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று. பால்வினை நோய் பற்றித் தெரிய வேண்டும் என்றால், மாத்திரை அதைத் தடுக்காது, காண்டமும் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாம், தாலி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது அவளைக் கட்டாயப்படுத்துகிறார்களா, அடிக்கிறார்களா என்ற கவலை உங்களுக்கு இருந்தால் அதையும் நேராகக் கேளுங்கள், அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறவர்கள் திருமணமானவர்களிலும் உண்டு.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இரண்டு குழந்தை பெற்று ஆபரேஷன் செய்துகொள்வதற்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு இருக்கிற அத்தனை வருடங்களுக்கும் இங்கே சரியான ஏற்பாடே இல்லை. இங்கிலாந்தில் 2023 டிசம்பரிலிருந்து மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநரே பி.பி. பார்த்து, கேள்வி கேட்டு மாத்திரையை ஆரம்பித்து வைக்கிறார். அவ்வளவு தூரம் இப்போதே போங்கள் என்று நான் கேட்கவில்லை. கையில் இருக்கிற வீடியோ காலை ஒழுங்காகச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் ஒரு வேண்டுகோள். கருத்தடை ஆலோசனைக்கு என்று கட்டாயமாகக் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு சுற்றறிக்கையாக எல்லா டாக்டர்களுக்கும் அனுப்புங்கள், கேட்காமல் எழுதிய சீட்டு பற்றி நாங்கள் புகார் செய்தால் அதை விசாரியுங்கள். அரசு நடத்துகிற ஆன்லைன் மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியிலும் அதே பட்டியல் தமிழில் இருக்கட்டும், அங்கே ஆலோசனை இலவசம் என்பதே இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆப் நடத்துகிறவர்களில் யாராவது இந்தக் கேள்விகளைத் தமிழில் பாரமாகப் போட முன்வந்தால், சாதாரணப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க நானும் என் தோழிகளும் தயார், பணம் எதுவும் வேண்டாம். ஒரு மகப்பேறு டாக்டர் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். ஒற்றைத்தலைவலிக் கேள்வியை முதலில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு பெண்